திருகாணியும் தண்ணொளியும்

பதினான்கரை வயதுப் பெண்ணொருத்தி, தன் வாய்க்குள்ளே குறுக்காகப் பொருத்தப்பட்டிருந்த திருகாணி ஒன்றைச் சிறு சாவியினால் தானே முறுக்கி முறுக்கி, இரண்டு வாரத்தில் தன் மேல்தாடையை நடுவே இரண்டாகப் பிரித்துக்கொண்டாள் என்று ஒருவர் சொன்னால், இன்றும் கேட்பவர் சற்றே துணுக்குறுவர். 1860ஆம் ஆண்டிலே சொன்னபோது கேட்டவர் நம்ப மறுத்ததில் வியப்பொன்றுமில்லை. சொன்னவர் எமர்சன் ஏஞ்செல் என்னும் பல் வைத்தியர். தங்கம் தேடி வந்தவர்களின் கூட்டத்தினால் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் கூடாரங்களிலிருந்து நகரமாக எழும்பிவிட்ட சான் பிரான்சிஸ்கோவில் அவர் தொழில் நடத்திவந்தார். கலிபோர்னியாவுக்கு இருப்புப்பாதை கூட எட்டாத அக்காலத்தில் அவர் எழுதியனுப்பிய கட்டுரை, கண்டத்தின் மறுகோடியிலிருந்த பிலடெல்பியாவில் 'டென்டல் காஸ்மாஸ்' என்ற பத்திரிகையில் அச்சேறிற்று. பல் வரிசையைச் சீர்செய்யும் சாஸ்திரத்தில் இன்று உலகெங்கும் குழந்தைகளுக்குச் செய்யப்படும் அண்ண விரிவுச் சிகிச்சையின் சரித்திரம் அந்தக் கட்டுரையிலிருந்துதான் தொடங்குகிறது.

நாவின் நுனியை மேலே தூக்கி, முன்பற்களுக்குப் பின்னிருந்து தொண்டையை நோக்கி மெல்ல நகர்த்திப் பார்த்தால், நடுவிலே மெல்லிய வரம்பு ஒன்று தட்டுப்படும். எழுத்துக்கள் பிறக்கும் இடங்களை எண்ணி வைத்த நம் பழைய இலக்கண ஆசிரியர்கள் பல், இதழ், நா, மூக்கு ஆகியவற்றோடு சேர்த்துச் சொன்ன அந்த அண்ணம், பார்வைக்கு ஒரே கூரையாகத் தோன்றினாலும், உண்மையில் ஒரே பலகையன்று. இடப்புறத்து மேல்தாடை எலும்பும் வலப்புறத்து மேல்தாடை எலும்பும் வரம்பின் நெடுகிலும் எதிரெதிராக வந்து நிற்க, இரண்டுக்கும் இடையே நார்த்திசுவினாலான ஒரு பொருத்து ஓடுகிறது. தையல் போட்டதுபோல் இருப்பதனால் வைத்திய நூல்கள் அதனைத் தையற் பொருத்து என்றே வழங்குகின்றன. இறந்தோர் உடல்களிலிருந்து எடுத்த திசுக்களை நுண்ணோக்கியில் ஆராய்ந்து, டென்மார்க்கைச் சேர்ந்த பிர்த்தே மெல்சன் 1975இல் வெளியிட்ட ஆராய்ச்சி இப்பொருத்தின் வாழ்க்கையை விளங்கவைத்தது: சிசுப்பருவத்தில் அகன்றும் எளிமையாகவும் இருப்பது, சிறுவயதில் அலையலையாக நெளிந்து, குமரப்பருவத்தில் இரு கைவிரல்களைக் கோத்தாற்போல் ஒன்றோடொன்று பின்னிக்கொள்கிறது, பெண்களில் சுமார் 16 வயது வரையிலும் ஆண்களில் 18 வரையிலும் அங்கே வளர்ச்சி நடைபெறுகிறது. ஆகவே குழந்தையிடம் ஒரு திருகினால் ஆகிற காரியம், முப்பது வயதுக்காரரிடம் சஸ்திர சிகிச்சையின்றி ஆவது அரிது.

அண்ணத்தை ஏன் விரிக்கவேண்டும் என்ற கேள்விக்கு விடை, குறுகிய மேல்தாடையுள்ள குழந்தையின் வாயைத் திறந்து பார்த்தாலே தெரியும். மேற்கடைவாய்ப் பற்கள் கீழ்க்கடைவாய்ப் பற்களுக்கு வெளிப்புறமாக அமர்வதே இயல்பு. பெட்டியின் மூடி பெட்டிக்கு வெளியே கவிவதுபோல. மேல்தாடை குறுகினால் மூடி பெட்டிக்குள் விழுந்துவிடுகிறது. பற்களுக்கு இடம் போதாமல், கோரைப்பல் மேலே ஏறித் தெத்திக்கொண்டு நிற்கிறது. அண்ணமே மூக்கின் தரையுமாதலால், கூரை குறுகினால் மேல்மாடியும் குறுகிப்போகிறது. இந்தப் பின்விஷயமே பிற்காலத்தில் மூக்கு வைத்தியர்களை இந்தக் கதைக்குள் இழுத்துவந்தது.

ஏஞ்செலுக்கு முன்பும் பல்வரிசையை அகலப்படுத்த முயன்றவர்கள் உண்டு. பிரெஞ்சு தேசத்துப் பியர் ஃபொஷார் 1728இல் வெளியிட்ட நூலில், வளைந்த உலோகப் பட்டை ஒன்றை வாய்க்குள் வைத்து, கோணிய பற்களை நூலால் அதனுடன் பிணைத்து வெளியே இழுக்கும் முறையை விவரித்திருக்கிறார். ஆனால் இவையெல்லாம் எலும்புக்குள்ளே பல்லைச் சாய்க்கும் வித்தைகளேயன்றி வேறல்ல. வேலியில் ஊன்றிய கழியை ஒருபுறம் சாய்ப்பதற்கும், வேலி நிற்கும் நிலத்தையே பிளந்து இரு பாகமாக நகர்த்துவதற்கும் எவ்வளவு பேதமோ அவ்வளவு பேதம் ஃபொஷாரின் பட்டைக்கும் ஏஞ்செலின் திருகாணிக்கும் உண்டு.

ஏஞ்செல் செய்தது என்னவெனில், முன்கடைவாய்ப் பற்களைப் பற்றுகோடாகக் கொண்டு, அண்ணத்தின் குறுக்கே திருகுக் கருவி ஒன்றைத் தாங்கவைத்தார். ஒருமுனையில் வலச்சுழியும் மறுமுனையில் இடச்சுழியுமாக மறை வெட்டப்பட்ட தண்டாதலால், நடுவில் சாவியிட்டுத் திருப்பினால் இரு முனைகளும் ஒரே சமயத்தில் எதிரெதிர்த் திசைகளில் நீளும். சாவியைப் பெண்ணின் கையிலேயே கொடுத்து, திருகு தளராதபடி அவ்வப்போது முறுக்கிக்கொள்ளுமாறு சொல்லியனுப்பினார். இரண்டு வாரங்கள் கழிந்தன. தாடை கால் அங்குலம் அகன்றிருந்தது. அதைவிட விசேஷம், யாரும் தொடாத மேல்முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே ஓர் இடைவெளி தோன்றியிருந்தது. கடைவாயில் திருகினால் முன்வாயில் இடைவெளி விழுவானேன்? பற்கள் மாத்திரம் சாய்ந்திருந்தால் இவ்விடைவெளிக்கு இடமில்லை. அவற்றைத் தாங்கும் எலும்புகளே பிரிந்திருக்கவேண்டும் என்று அவர் தீர்மானித்தார். ஒரு சிறு அடையாளத்தைக் கண்ட மாத்திரத்தில் அதன் பின்னுள்ள பெரிய உண்மையை ஊகித்தறியும் திறமை எல்லாருக்கும் வாய்ப்பதன்று. ஏஞ்செலுக்கு அந்த ஒரு சமயத்திலாவது அது வாய்த்திருந்தது.

அக்கட்டுரையைப் பரிசீலித்த மக்குவில்லன் என்பவர், பின்னாளில் பிலடெல்பியாவில் ஒரு பல் வைத்தியக் கலாசாலையையே ஸ்தாபித்த கல்விமான். மேல்தாடை எலும்புகள் தமக்குள் மாத்திரமன்றி, கன்னம், மூக்கு, கபாலத்தின் அடித்தளம் என்று முகத்தின் மற்ற எலும்புகளோடும் பலவிடங்களில் இறுகப் பிணைந்திருக்க, ஒரு சிறு திருகு அவற்றை விலக்கிவிடுமென்பது மிகவும் சந்தேகத்திற்குரியது என்பதே அவருடைய அபிப்பிராயம். பிற்காலத்து நூலாசிரியர்கள் பலரும் மக்குவில்லனைப் புதுமைக்குத் தடையாய் நின்றவராகவே சித்திரிப்பது வழக்கமாகிவிட்டது. எனக்கு அது நியாயமாகப் படவில்லை. ராண்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்தது 1895இல். அதற்கு முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன், உயிரோடிருக்கும் பெண்ணின் அண்ணத்துக்குள்ளே எலும்பு பிரிந்ததா இல்லையா என்று பார்த்துச் சொல்ல எவராலும் இயலாது. ஏஞ்செல் கண்டது உண்மை. மக்குவில்லன் கேட்டது நியாயம். இரண்டுக்கும் நடுவே நின்று தீர்ப்புச் சொல்லும் கருவி இன்னும் பிறக்கவில்லை. அவ்வளவுதான்.

அக்கருவி பிறந்த பின்னரும் வழக்கு உடனே தீர்ந்துவிடவில்லை என்பது இச்சரித்திரத்தின் விநோதங்களுள் ஒன்று. இருபதாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் மூக்கடைப்பினால் வாய்வழியே மூச்சுவிடும் குழந்தைகளுக்கு இச்சிகிச்சை பயன்படுமென்று மூக்கு வைத்தியர்கள் ஆதரவாகப் பேசினார்கள்; எக்ஸ் கதிர்ப் படங்களில் நடுவே கருத்த கோடு விழுந்திருப்பதைக் காட்டினவர்களும் உண்டு. ஆனால் அமெரிக்கப் பல்சீரமைப்புத் துறையை அப்போது ஏறக்குறைய ஒருகுடைக்கீழ் ஆண்டவர் எட்வர்டு ஆங்கிள். (ஏஞ்செல் வேறு, ஆங்கிள் வேறு, பெயரொற்றுமை கண்டு மயங்கலாகாது.) 1899இல் பற்கடியின் கோளாறுகளை மூன்று வகுப்புகளாகப் பிரித்துக் கொடுத்து, 1900இல் செயின்ட் லூயிஸ் நகரில் தம் பெயராலேயே ஒரு பாடசாலையை நிறுவிய அவருடைய சித்தாந்தம், பற்களை அவற்றுக்குரிய ஸ்தானத்திற்கு நகர்த்தி நன்றாகக் கடிக்கும்படி செய்துவிட்டால், எலும்பு தானாகவே வளர்ந்து பின்தொடரும் என்பது. பல் போகிற வழியில் எலும்பும் வருமென்றால், எலும்பைப் பிளப்பதற்கு அவசியமென்ன? இக்கேள்வியின் முன்னே திருகாணி மெல்ல மறைந்தது. பொருத்தைத் திறப்பது அபாயமானதென்றும் அநாவசியமானதென்றும் 1910ஐ ஒட்டிய ஆண்டுகளில் நடந்த வாதங்களுக்குப் பின், அமெரிக்காவில் ஏறக்குறைய ஒரு தலைமுறைக்கு மேலாக இச்சிகிச்சை கைவிடப்பட்டே கிடந்தது. ஐரோப்பாவில் மாத்திரம் அது அணையாத கங்குபோல் ஆங்காங்கே கனன்றுகொண்டிருந்தது.

அந்தக் கங்கை அட்லாண்டிக் கடல் தாண்டிக் கொண்டுவந்தவர் ஜெர்மனியில் பான் நகரத்துப் பேராசிரியராயிருந்த குஸ்தாவ் கோர்க்ஹாவுஸ். 1950களின் நடுவில் அவர் சிகாகோவுக்கு வந்து, இல்லினாய் பல்கலைக்கழகத்தில், தாம் சிகிச்சை செய்த குழந்தைகளின் தலை எக்ஸ் கதிர்ப் படங்களைக் காட்டினார். அத்துறையின் தலைவர் ஆலன் பிராடியோ ஆங்கிளின் நேர்ச் சீடர். குருவின் சித்தாந்தத்துக்குப் புறம்பானதைத் தம் கூரையின்கீழேயே பரிசோதிக்க இடங்கொடுத்த அப்பெருந்தன்மையை நான் சற்று நின்று பாராட்டாமல் மேற்செல்ல மனமில்லை. அங்கே மாணவராயிருந்த ஆண்ட்ரூ ஹாஸ் முதலில் பன்றிகளின் அண்ணங்களில் கருவியைப் பொருத்திப் பார்த்தார். பொருத்து எளிதாகத் திறந்தது. பிராணிகளும் அதிகத் துன்பமின்றியே இருந்தன. பிறகு மனிதர்களுக்குச் செய்து பார்த்து, 1961இல் 'ஆங்கிள் ஆர்த்தோடான்டிஸ்ட்' பத்திரிகையில் அவர் வெளியிட்ட கட்டுரை, நூறாண்டுகளுக்கு முன் ஏஞ்செல் கண்டது கற்பனையன்று என்பதை எக்ஸ் கதிர்ப் படங்களோடு ருஜுப்படுத்தியது. அண்ணம் மாத்திரமன்று, மூக்கின் உட்புறமும் அகன்றது என்று அவர் காட்டினார். ஏஞ்செலை நிரூபித்த கட்டுரை ஆங்கிளின் பெயர் தாங்கிய பத்திரிகையிலேயே வெளியாயிற்று.

ஹாஸின் கருவியில் நான்கு பற்களைச் சுற்றிப் பட்டைகளும், அண்ணத்தின்மேல் இருபுறமும் அக்ரிலிக் திண்டுகளும், நடுவிலே திருகும் இருந்தன. திண்டுகளின் அடியில் சோற்றுப் பருக்கை முதலியன சிக்கி அண்ணம் புண்ணாவதைக் கண்டு, பீடர்மன் என்பவர் 1968இல் திண்டுகளை நீக்கி, கம்பியும் திருகும் மட்டுமே கொண்ட கருவியை அமைத்தார். சுத்தமாக வைத்துக்கொள்ளலாம் என்ற குணத்தையே பெயராகக் கொண்டு 'ஹைராக்ஸ்' என்று அது வழங்கலாயிற்று. இன்று நம் ஊர்ப் பல் ஆஸ்பத்திரிகளில் குழந்தைகளுக்குப் பொருத்தப்படுவனவற்றுள் பெரும்பாலானவை அதன் சந்ததிகளே. திருகைக் கால் சுற்றுத் திருப்பினால் கால் மில்லிமீட்டர் அகலும். காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை. இரண்டு வாரத்துக்கு ஏழு மில்லிமீட்டர் என்று கணக்கிட்டால், ஏஞ்செல் சொன்ன கால் அங்குலம் ஏறத்தாழச் சரியாக வந்துவிடுகிறது. அதன் பலமும் அற்பமானதன்று: ஒவ்வொரு திருப்புக்கும் 3 முதல் 10 பவுண்டு வரை விசை உண்டாகிறதென்றும், அது தீராமல் சேர்ந்துகொண்டே போய் 20 பவுண்டுக்கும் மேற்படுகிறதென்றும் 1964இல் ஐசக்சனும் அவர் துணைவர்களும் அளந்து எழுதினார்கள். ஒரு பல்லை நகர்த்த இரண்டு மூன்று அவுன்சு போதுமென்பதை நினைத்தால், இது பல்லுக்காக ஏற்பட்ட பலமன்று, எலும்புக்காக ஏற்பட்டது என்பது விளங்கும்.

சாவியைத் திருப்பும் வேலை இப்போது பெரும்பாலும் வீட்டிலே தாய்மார் கையில் இருக்கிறது. குழந்தையை மல்லாக்கப் படுக்கவைத்து, வாயைத் திறக்கச் சொல்லி, திருகின் துளையில் சாவியைச் செருகி, முன்னிருந்து பின்னோக்கித் தள்ளவேண்டும். சாவி நழுவித் தொண்டைக்குள் போய்விடாதபடி அதன் காதில் நூல் கட்டியிருக்கவேண்டும். திருப்பிய சில நிமிஷங்களுக்கு மூக்கின் அடியிலும் கண்களுக்கு நடுவிலும் ஓர் அழுத்தம் தோன்றி மறைகிறது. முதல் சில நாட்கள் நாக்குக்கு இடமின்றித் தகரமும் டகரமும் குழறும், எச்சில் ஊறும், சோறு இறங்காது. ஒரு வாரம் சென்று, கண்ணாடியில் முன்பற்களுக்கு நடுவே சந்து விழுந்திருப்பதைக் கண்டு குழந்தை அழுவதும், வைத்தியர் அதைக் கண்டு மகிழ்வதும் வழக்கம். பற்களுக்கிடையே ஈறில் ஓடும் நார்கள் இழுப்பதனால், வேறு கம்பி ஒன்றும் கட்டாமலே அந்தச் சந்து சில வாரங்களில் தானாகவே குறைந்து வருவது, பார்ப்பவருக்கு ஒரு சிறு அற்புதம்.

ஆயினும் கதை திருகோடு முடியவில்லை. உண்மையில் கஷ்டமான பாகம், திருகை நிறுத்திய அன்றுதான் ஆரம்பமாகிறது. திறந்த பொருத்து முன்புறம் அதிகமாகவும் பின்புறம் குறைவாகவும் அகன்று, எக்ஸ் கதிர்ப் படத்தில் கருத்த ஆப்புப்போல் தெரிகிறது. அந்த வெற்றிடத்தில் முதலில் இரத்தம் உறைகிறது. இழுபட்ட நார்களின் நடுவே புதிய நுண்குழாய்கள் ஓடுகின்றன. எலும்பு கட்டும் உயிரணுக்கள் இரு கரையிலும் வந்து வரிசையிட்டு, முதலில் மென்மையான ஆதாரப் பொருளை ஊற்றி, பின்பு அதன்மேல் சுண்ணத்தைப் படியவைக்கின்றன. இவ்வளவும் நடந்தேறுமுன் கருவியைக் கழற்றிவிட்டால், சுற்றிலுமுள்ள எலும்புகளின் இறுக்கமும் மென்தசைகளின் இழுப்பும் சேர்ந்து, பிரிந்த கரைகளை மறுபடியும் நெருக்கிவிடும். ஆகையினால் இரண்டு வாரத்தில் திறந்ததைக் காப்பதற்கு மூன்று மாதம், சில சமயம் ஆறு மாதம், திருகு அசையாமல் வாயிலேயே கிடக்கவேண்டியிருக்கிறது. மனிதன் தன் பலத்தால் செய்தது பதினான்கு நாள் வேலை. இயற்கை தன் போக்கில் செய்வது நூறு நாள் வேலை. இந்த நூறு நாளைக் குறைக்க முடியுமா என்று எழுந்த ஆசையே, முற்றிலும் வேறொரு துறையிலிருந்து ஒளியை இந்தச் சரித்திரத்துக்குள் அழைத்துவந்தது.

1960ஆம் ஆண்டு மே மாதம் 16ஆம் தேதி, அதே கலிபோர்னியாவில், சான் பிரான்சிஸ்கோவுக்குத் தெற்கே மாலிபு என்ற கடற்கரையூரில், தியோடர் மைமன் என்பவர் ஒரு சிறு மாணிக்கத் தண்டைச் சுருள் விளக்கினால் மின்னவைத்து, உலகின் முதல் லேசர் ஒளியைப் பிறப்பித்தார். ஏஞ்செலின் கட்டுரைக்குச் சரியாக நூறாண்டு. ஹாஸின் கட்டுரைக்கு ஓராண்டு முன். எண்களின் இப்பொருத்தத்திற்கு யாதொரு அர்த்தமும் கற்பிக்கவேண்டியதில்லை. ஆனால் கண்ணில் பட்டதைச் சொல்லாமல் விடுவதற்கும் மனம் வரவில்லை. அப்பொழுது லேசரை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்றே பலருக்கும் தெரியாது; உலோகத்தைத் துளைக்கலாம், திசுவைச் சுடலாம் என்ற அளவில், சுடர்விட்டெரிக்கும் ஆயுதமாகவே அது எண்ணப்பட்டது. ஒளிக்கு ஆற்றும் குணமும் உண்டென்பதை, லூபஸ் என்னும் தோல் க்ஷயத்தை ஒளியினால் குணப்படுத்தி 1903இல் நோபெல் பரிசு பெற்ற டேனிஷ் வைத்தியர் நீல்ஸ் ஃபின்சென் முன்பே காட்டியிருந்தும், அந்த வழியில் லேசரைக் கொண்டுபோக ஒரு தற்செயல் தேவையாயிருந்தது.

அத்தற்செயல் ஹங்கேரியின் தலைநகரான புடாபெஸ்டில் நேர்ந்தது. எண்ட்ரே மெஸ்டர் சஸ்திர வைத்தியர். லேசருக்கும் புற்றுநோய்க்கும் உள்ள சம்பந்தத்தை ஆராயப் புகுந்தவர். எலிகளின் முதுகில் மயிரைச் சிரைத்து, மாணிக்க லேசரின் பலங்குன்றிய ஒளியை அங்கே பாய்ச்சியபோது, அவர் தேடிய விஷயம் அகப்படவில்லை. ஆனால் ஒளிபட்ட எலிகளுக்கு மற்றவற்றைவிட மயிர் சீக்கிரம் முளைத்தது. வேறொருவராயிருந்தால் சோதனை பயனற்றுப்போயிற்றென்று குறித்துவைத்துவிட்டு வேறு காரியம் பார்த்திருப்பார். மெஸ்டரோ, முளைத்த மயிரைப் பற்றி யோசிக்கலானார். 1960களின் பிற்பாதியில் தொடங்கிய அந்த யோசனை, ஆறாத புண்களுக்கு மந்தமான லேசர் ஒளியைக் காட்டும் சிகிச்சையாக அடுத்த பத்தாண்டில் வளர்ந்தது. சுடாத ஒளியாதலால் குளிர் லேசர் என்றும், மென் லேசர் என்றும், குறைதிறன் லேசர் என்றும் பலபட வழங்கி, 2014இல் துறையறிஞர் கூடி ஒளியுயிர்ச்சீர்ப்பாடு என்று பொருள்படும் நீண்ட பெயரொன்றைச் சூட்டும்வரை, அது நிலையான பெயரில்லாமலே திரிந்தது. பெயர் நிலைக்காத வைத்தியத்தின்மேல் சந்தேகம் நிலைப்பது சகஜந்தானே.

இந்த ஒளி எப்படி வேலை செய்கிறது? உயிரணுவுக்குள்ளே சக்தியை உற்பத்தி செய்யும் மைட்டோகாண்ட்ரியா என்னும் நுண்ணுறுப்பில், பிராணவாயுவைக் கையாளும் ஒரு நொதி, சிவப்பு ஒளியையும் அதற்கடுத்த கட்புலனாகாத ஒளியையும் உறிஞ்சிக்கொள்கிறது என்றும், அதனால் உயிரணுவின் சக்தி பெருகி, பெருக்கமும் கட்டுமானமும் விரைவுபடுகின்றன என்றும் ரஷ்ய விஞ்ஞானி தீனா காரு முதலியோர் விளக்கினர். பெரிதும் ஏற்கப்பட்ட விளக்கம் இதுவே. ஆனால் இதில் ஒரு சூட்சுமம் உண்டு: ஒளி மிகக் குறைந்தால் பலனில்லை, மிகுந்தாலோ, விரைவுபடுத்துவதற்குப் பதில் தடுக்கவே செய்யும். உப்பைப் போல அளவறிந்து இடவேண்டிய வஸ்து அது. அளவு எது என்பதில்தான் இன்றளவும் ஆய்வாளர்கள் ஒருமுகப்படவில்லை.

மயிரிலும் தோலிலும் தொடங்கிய வித்தையை அண்ணத்தின் பிளவுக்குக் கொண்டுவந்த பெருமை ஜப்பானியருடையது. சைட்டோ, ஷிமிஸு என்ற இருவர் 1997இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், 76 எலிகளின் அண்ணப் பொருத்தைத் திறந்து, காலியம்-அலுமினியம்-ஆர்செனைடு என்னும் குறைகடத்தி லேசரின் 100 மில்லிவாட் ஒளியைப் பாய்ச்சினார்கள். ஒளிபட்ட எலிகளில் புதிய எலும்பு 1.2 முதல் 1.4 மடங்கு வரை அதிகமாக வளர்ந்திருந்தது. இதைக் காட்டிலும் மேன்மையான விஷயம், அவர்கள் காலத்தைப் பற்றிக் கண்டது: பொருத்துத் திறந்த முதல் மூன்று நாட்களில் காட்டிய ஒளியே மிகுந்த பலன் தந்தது, அதே ஒளியை நான்காம் நாள் தொடங்கிக் காட்டியபோது பலன் இல்லை. கரைகளில் எலும்பணுக்கள் பெருகத் தொடங்கும் அந்த ஆரம்ப நாட்களிலே தூண்டினால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. விதைக்கிற காலத்தில் பெய்யாத மழை அறுவடைக்கு முன் பெய்து ஆவதென்ன என்று கேட்கும் நம் குடியானவனுக்கு, இந்தச் சோதனையின் சாரத்தை அதிகமாக விளக்கவேண்டியிராது.

எலிக்கு நல்லது குழந்தைக்கும் நல்லதாகுமா என்ற அடுத்த கேள்வியை முதலில் கேட்டவர்களுள் பிரேசில் நாட்டினர் முக்கியமானவர்கள். 2012இல் செபெராவும் அவர் துணைவர்களும் வெளியிட்ட பரிசோதனையில் 8 முதல் 12 வயதுக்குட்பட்ட 27 குழந்தைகள் பங்குகொண்டனர், அனைவருக்கும் திருகு, அவர்களுள் 14 பேருக்கு மாத்திரம் திருகோடு ஒளியும். ஒளியின் அலைநீளம் 780 நானோமீட்டர்; கண்ணுக்குத் தெரியும் சிவப்பின் எல்லையைத் தாண்டியது. திறன் 40 மில்லிவாட். வீட்டில் எரியும் 40 வாட் விளக்கு கொள்ளும் மின்திறனில் ஆயிரத்தில் ஒரு பங்கு. பொருத்தைச் சுற்றிப் பத்துப் புள்ளிகளில், திருகு திருப்பும் நாட்களில் ஒரு தொடர், திருகைப் பூட்டியபோது ஒரு தொடர், பிறகு வாரத்துக்கொரு முறையாகச் சில தடவை. எலும்பு எவ்வளவு நிரம்பியதென்று அறிய, எக்ஸ் கதிர்ப் படம் எடுக்கும்போது அலுமினியத்தாலான அளவுகோல் ஒன்றையும் உடன் வைத்து, அண்ணத்தின் கருமை வெண்மையை அதனோடு ஒப்பிட்டார்கள். ஒளிபெற்ற குழந்தைகளின் பொருத்து நன்கு திறந்ததென்றும், எலும்பு விரைந்து நிரம்பியதென்றும் அவர்கள் முடிவுகண்டனர்.

நான்கு ஆண்டுகள் கழித்து ஸ்பெயின் தேசத்து ஆய்வாளர்கள், 6 முதல் 12 வயதுள்ள 39 குழந்தைகளிடம், 660 நானோமீட்டர் அலைநீளமுள்ள, கண்ணுக்குத் தெரியும் சிவப்பு ஒளியைச் சோதித்தார்கள். இவர்கள் ஒளியைத் தொடங்கியது, திருகு நின்ற பின் வரும் காத்திருப்புக் காலத்தில். பாதிக் குழந்தைகளுக்கு உண்மையான ஒளி. மற்றவர்களுக்குக் கருவியை வாயில் வைத்துப் பிடித்ததோடு சரி, ஒளி பாய்ச்சவில்லை. மனம் செய்யும் மாயத்தை விலக்குவதற்கு அப்படியொரு பாவனை வேண்டியிருக்கிறது. 75ஆம் நாள் முப்பரிமாண எக்ஸ் கதிர்ப் படம் எடுத்துப் பார்த்தபோது, பொருத்தின் சில பகுதிகளில் கரைகள் நெருங்கியிருந்தது ஒளிபெற்ற பிள்ளைகளிடம் அதிகமாகத் தென்பட்டது. எல்லாப் பகுதிகளிலும் அன்று. இப்பிள்ளைகள் ஒளிக்காக மாத்திரம் எழுபது நாளில் ஏழு தடவை வைத்தியசாலைக்கு வரவேண்டியிருந்தது என்பதையும் நாம் கவனிக்கவேண்டும். காத்திருக்கும் நாளைக் குறைப்பதற்காக நடக்கும் நாளைக் கூட்டுவது, பள்ளிக்கூடம் விட்டு மகனையோ மகளையோ அழைத்துக்கொண்டு பஸ் ஏறும் தாய்க்கு எவ்வளவு லாபமென்பது, எந்த ஆராய்ச்சியும் இன்னும் சரியாகப் போடாத கணக்கு.

இவற்றையெல்லாம் ஒன்றாக வைத்துப் பார்த்தவர்களின் அபிப்பிராயம், ஒளி ஆரம்ப வாரங்களில் எலும்பு நிரம்புவதை விரைவுபடுத்தக்கூடும் என்பதோடு நிற்கிறது. ஒவ்வொருவர் கையாண்ட அலைநீளமும் வேறு, அளவும் வேறு, ஒளி காட்டிய நாளும் வேறு, அளந்த விதமும் வேறு. குழந்தைகளின் தொகையோ விரல்விட்டு எண்ணிவிடக்கூடியது. ஒளிபெற்ற குழந்தையின் வாயிலிருந்து திருகை மூன்று மாதத்துக்குப் பதில் இரண்டு மாதத்தில் கழற்றிவிடலாமா, கழற்றினால் அண்ணம் பழையபடி குறுகாதா, ஐந்தாண்டு கழித்து இரு பிள்ளைகளுக்கும் பேதமிருக்குமா என்ற, வைத்தியனுக்கு உண்மையில் வேண்டிய கேள்விகளுக்கு, நிச்சயமான பதில் இதுவரை கிடைத்தபாடில்லை. இந்நிலையில் மக்குவில்லன் மறுபிறவி எடுத்து வந்து மிகவும் சந்தேகத்திற்குரியது என்று எழுதினால், அவரை மறுபடியும் பரிகசிக்க நமக்கு உரிமையில்லை. புடாபெஸ்டில் முளைத்த மயிரைப் போலவும், சான் பிரான்சிஸ்கோவில் விழுந்த சந்தைப் போலவும், ஓர் உண்மையின் நுனி மாத்திரம் இங்கே வெளியே தெரிகிறது. உள்ளேயிருப்பது எவ்வளவு பெரிதென்று அளந்து காட்டும் வேலை இன்னும் பாக்கியிருக்கிறது.

ஆகவே வைத்தியர்களுள் பெரும்பாலோர் இன்றும் ஹாஸ் சொன்னபடியே நடந்துவருகிறார்கள். லேசர் வைத்திருப்பவர், குழந்தைக்கும் தமக்கும் கருப்புக் கண்ணாடி மாட்டி, பேனா போன்ற அதன் நுனியை அண்ணத்தின் நடுவரம்பில் புள்ளி புள்ளியாக வைத்து எடுக்கிறார். குழந்தைக்குச் சூடும் தெரிவதில்லை, வலியும் தெரிவதில்லை. ஏதோ செய்கிறார்கள் என்ற எண்ணம் மாத்திரம் இருக்கிறது. லேசர் இல்லாதவர், நாட்களை எண்ணிக்கொண்டு சும்மாயிருக்கிறார். மூன்று மாதம் சென்று, கழற்றலாமா என்ற சந்தேகம் வரும்போது, இருவரும் செய்வது ஒன்றே: மேல்வாயை எக்ஸ் கதிர்ப் படம் பிடித்து, முன்பற்களின் வேர்களுக்கு நடுவே முன்பு ஓடிய கருத்த கோடு இன்னும் தெரிகிறதா என்று உற்றுப் பார்க்கிறார்கள், தெரியாவிட்டால் திருகைக் கழற்றுகிறார்கள், தெரிந்தால், இன்னும் ஒரு மாதம் கழித்து வரச்சொல்லி அனுப்பிவிடுகிறார்கள்.